பேரேடுகளுக்கு ஓர் அடையாள எண்

இலங்கையில் வாழும் ஒருவரிடம் பெயரைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். முதல் விடை பலருக்குப் பொதுவாக இருக்கலாம். ஒரே வகுப்பில் இரண்டு கணேசன்கள் இருப்பது பாடசாலைகளில் புதுமையன்று. இரண்டாவது விடையோ அவர் ஒருவருக்கே உரியது. அந்த இலக்கம் நெடுங்காலம் 9 எண்களும் ஓர் எழுத்தும் கொண்டதாக இருந்தது. பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டுமே அது காட்டியது. அதனால் ஒரு நூற்றாண்டில் பிறந்தவரையும் அடுத்த நூற்றாண்டில் பிறந்தவரையும் வேறு பிரித்தறிய இயலாத நிலை வந்தது. ஆகவே 2016ஆம் ஆண்டு முதல் 12 எண்களைக் கொண்ட இலக்கம் வழக்கிற்கு வந்தது. இம்மாற்றத்தை ஆராய்ந்து நடைமுறைப்படுத்த ஆட்பதிவுத் திணைக்களம் என்ற ஓர் அலுவலகம் இருந்தது.

அதே 2016ஆம் ஆண்டிலே, உலகின் பல நாடுகளிற் பரந்திருந்த மற்றொரு கூட்டத்தாருக்கும் இதே வகையான இடர்ப்பாடு நேர்ந்தது. அவர்கள் கிரிப்டோ நாணயம் எனப்படும் மின்னணு நாணயத்தைக் கையாள்வோர். இரண்டு பொருள்கள் ஒரே அடையாளத்தோடு நின்றன. அவற்றைப் பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. பலர் பொருளையும் இழந்தனர். ஆனால் முறையிடுவதற்கு அவர்களுக்குத் திணைக்களம் எதுவும் இருக்கவில்லை. அதிகாரி எவரும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று ஒவ்வாத அடையாளங்களை எவ்வாறு தெரிந்தெடுப்பது? இவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடையே இப்பேச்சின் பொருளாகும்.

அரசாங்கங்கள் வெளியிடும் நாணயங்களுக்கு இத்தொல்லை இல்லை. இலங்கை ரூபாய்க்கு எல்.கே.ஆர். என்றும், இந்திய ரூபாய்க்கு ஐ.என்.ஆர். என்றும் மூன்றெழுத்துக் குறிகள் உண்டு. தர நியமங்களுக்கான சர்வதேச அமைப்பு அவற்றை வகுத்து வைத்திருக்கிறது. இலங்கையைத் தொலைபேசியில் அழைப்போர் முதலிற் சுழற்ற வேண்டிய 94 என்ற எண்ணும் ஒரு சர்வதேச ஒன்றியம் வழங்கியதே. இக்குறிகளின் பின்னால் ஒரு பதிவேடும் அதைக் காக்கும் ஒரு கையும் இருக்கின்றன.

கிரிப்டோ நாணயத்தின் இயல்பு வேறு. அதன் அடிப்படை, பிளாக்செயின் என வழங்கும் சங்கிலிப் பேரேடாகும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு, தொகுதி தொகுதியாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்திய தொகுதியின் கணித விரலடையாளத்தைத் தன்னுள்ளே தாங்கி நிற்பதால், பழைய கணக்கை எவரும் இரகசியமாகத் திருத்த முடியாது. பேரேட்டின் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. இவ்வகையில் முதலாவதான பிட்காயின் பேரேட்டின் முதற்றொகுதி 2009ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதியைத் தாங்கியது. அதைத் தொடங்கியவர் சட்டோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குள் மறைந்திருக்கிறார். பேரேட்டுக்கு வங்கியும் இல்லை, முகாமையாளரும் இல்லை.

இந்தப் பேரேட்டில் ஒருவர் பணத்தை மாற்றும் முறை காசோலை எழுதுவதைப் போன்றது. அவரிடம் இரகசியத் திறப்பு ஒன்று இருக்கும். அது ஒரு பேரெண். அந்த எண்ணைக் கொண்டு, “இன்ன முகவரிக்கு இவ்வளவு கொடுக்க” என்ற கட்டளையின்மீது அவர் கணிதக் கையொப்பம் இடுகிறார். கட்டளையைக் கண்ட கணினிகள் கையொப்பத்தைச் சோதிக்கின்றன. சரியெனின் கணக்கை மாற்றி எழுதுகின்றன. கையொப்பம் இட்டவரின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை, மனத்தை எவரும் கேட்பதுமில்லை. கையொப்பம் ஒன்றே சாட்சி. எனவே அக்கையொப்பம் எந்தப் பேரேட்டுக்கென இடப்பட்டது என்பது உயிரான வினாவாகின்றது.

ஆரம்பத்தில் இவ்வினாவை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. பிட்காயினை ஆக்கியவர் இரண்டு எளிய குறிகளை வைத்தார். ஒன்று, கணினிகள் தம்முட் செய்தி அனுப்பும்போது ஒவ்வொரு செய்தியின் தலையிலும் வைக்கும் நான்கு பைட் அளவான முத்திரை. சாதாரண எழுத்துச் செய்திகளில் அருமையாகவே வரக்கூடிய மதிப்புகளாகப் பார்த்து அம்முத்திரை தெரிந்தெடுக்கப்பட்டது. பரீட்சார்த்தப் பேரேட்டுக்கு வேறொரு முத்திரை வைக்கப்பட்டது. இரண்டாவது குறி, முகவரியின் முதலெழுத்து. பிட்காயினின் பழைய முகவரிகள் 1 என்ற எண்ணோடு தொடங்கும். பரீட்சார்த்தப் பேரேட்டின் முகவரிகள் எம் அல்லது என் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும். 2011ஆம் ஆண்டில் பிட்காயினின் செய்நிரலைத் தழுவிப் பிறந்த லைட்காயின், எல் என்ற எழுத்தைத் தன் முகவரிக்குத் தலையெழுத்தாக்கிக்கொண்டது. ஆனால் பின்னர் வந்த மற்றொரு வகை முகவரியில் இரண்டு நாணயங்களும் 3 என்ற எண்ணையே தலையில் வைத்தன. ஒன்றின் முகவரிக்கு மற்றொன்றின் நாணயத்தை அனுப்பிவிட்டுத் திகைத்தவர்கள் உண்டு. லைட்காயின் தன் தலையெழுத்தை எம் என மாற்றிக்கொண்ட பின்னரே அக்குழப்பம் தணிந்தது. கண் பார்த்துப் படிக்கும் குறிகூடப் பிறரோடு மோதாததாக இருத்தல் வேண்டும் என்பது இதனாற் கிடைத்த முதற் பாடம்.

பெரிய பாடம் எதீரியம் என்ற பேரேட்டில் நிகழ்ந்தது. அப்பேரேடு 2015ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. பணக்கணக்கோடு, தாமாகவே இயங்கும் செய்நிரல் ஒப்பந்தங்களையும் எழுதிவைக்க இடந்தருவது அதன் சிறப்பு. 2016ஆம் ஆண்டில் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றின் மூலம் ‘த டாவோ’ என்ற பெயரிற் பொது நிதி ஒன்று திரட்டப்பட்டது. அவ்வொப்பந்தத்தின் செய்நிரலில் ஒரு பிழை இருந்தது. ஜூன் 17ஆம் திகதி, இன்னாரென்று அறியப்படாத ஒருவர் அப்பிழையின் வழியாக 36 இலட்சம் ஈதர் நாணயங்களை வடித்தெடுத்தார். இழந்தவற்றை உரியவர்களுக்கு மீட்டுக் கொடுப்பதற்காகப் பேரேட்டையே திருத்துவது முறையா, தகாதா என்ற வாதம் எழுந்தது. பெரும்பாலோர் திருத்தத்தை ஏற்றனர். ஜூலை 20ஆம் திகதி, 19,20,000ஆவது தொகுதியில் அது நடைபெற்றது. எழுதியதை அழிப்பது அறமன்று என்று நின்ற சிறுபான்மையோர், திருத்தாத பேரேட்டையே தொடர்ந்து எழுதினர். அது எதீரியம் கிளாசிக் என்ற பெயர் பெற்றது.

இங்கேதான் இரட்டைக் கணேசன் கதை வருகிறது. ஒரு பேரேடு இரண்டாயிற்று. பிளவுவரை இரண்டிலும் ஒரே கணக்கு, ஒரே முகவரிகள், ஒரே இரகசியத் திறப்புகள். பிளவுக்கு முன் நூறு ஈதர் வைத்திருந்த ஒருவருக்குப் பிளவின் பின் இரண்டு பேரேடுகளிலும் நூறு நூறு இருந்தன. அவர் புதிய பேரேட்டில் பத்து ஈதரை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கும்படி கட்டளை எழுதிக் கையொப்பமிட்டார் எனக் கொள்வோம். அக்கட்டளையில் எந்தப் பேரேடு என்ற குறிப்பு இல்லை. அதனால் வியாபாரியோ வேறெவருமோ அதைப் பிரதிசெய்து பழைய பேரேட்டிலும் செலுத்தலாம். அங்குள்ள கணினிகள் சோதிக்கும். கையொப்பம் சரியாகவே இருக்கும். அங்கிருந்தும் பத்து ஈதர் போய்விடும். கையொப்பத்தை எவரும் கள்ளமாக இடவில்லை. திறப்பை எவரும் திருடவில்லை. உடையவர் தம் கையாலேயே இட்ட ஒரு கையொப்பம் இரண்டு முறை செல்லுபடியாயிற்று. வங்கியின் பெயர் அச்சிடப்படாத காசோலையை இரண்டு வங்கிகளிற் கொடுத்துப் பணம் பெறுவதற்கு இஃது ஒப்பாகும். வாடிக்கையாளரின் ஈதரை மொத்தமாக வைத்திருந்த நாணயமாற்று நிலையங்கள் சில, இவ்வகையிற் பழைய பேரேட்டிலிருந்த நாணயங்களைப் பெருமளவில் இழந்தன.

எதீரியத்தின் கணினிகளுக்கு அதற்கு முன்னரும் ஓர் எண் இருந்தது. ஒரு கணினி மற்றொன்றோடு தொடர்பு கொள்ளும்போது, “நான் இன்ன எண்ணுடைய வலையமைப்பைச் சேர்ந்தவன்” என்று சொல்லிக்கொள்ளும் எண் அது. பிளவின் பின் இரண்டு கூட்டத்தாரும் 1 என்ற அந்த எண்ணையே வைத்திருந்தனர். வேறு வேறாக வைத்திருப்பினும் பயன் விளைந்திராது. கடித உறையின்மேல் எழுதிய முகவரியைப் போன்றது அந்த எண். உறையை மாற்றினால் அதுவும் மாறிவிடும். உள்ளே இருக்கும் கையொப்பமிட்ட தாளில் அது இல்லை. அடையாள எண் உறையின்மேல் இருந்தாற் போதாது. கையொப்பம் எதை மூடி நிற்கிறதோ அதனுள்ளே இருக்க வேண்டும். இதுவே இவ்வரலாற்றின் மையமான உண்மை.

இந்த உண்மையை நடைமுறையாக்கியது, எதீரியத்தைத் தோற்றுவித்தோரில் முதன்மையானவரான விட்டாலிக் பூட்டரின் 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எழுதிய 155ஆம் இலக்க முன்மொழிவு. அதற்கு முன் கையொப்பம் கட்டளையின் ஆறு கூறுகளை மூடி நின்றது; புதிய முறையில் ஒன்பது கூறுகளை மூடியது. சேர்ந்தவற்றில் முதலாவது பேரேட்டின் அடையாள எண். மற்றை இரண்டும் வெறும் சுழிகள். கையொப்பத்தின் தொங்கலில் முன்னர் 27 அல்லது 28 என்ற ஓர் எண் நிற்கும். இனி, அடையாள எண்ணை இரண்டாற் பெருக்கி 35 அல்லது 36ஐக் கூட்டிய தொகை அங்கு நிற்க வேண்டும் என விதிக்கப்பட்டது. எதீரியத்தின் எண் 1 ஆதலால் அங்கு 37 அல்லது 38 நிற்கும். எதீரியம் கிளாசிக் 61 என்ற எண்ணைக் கொண்டமையால் அங்கு 157 அல்லது 158 நிற்கும். ஒன்றின் கட்டளையை மற்றொன்றிற் செலுத்தினால் கணினிகள் உடனே தள்ளிவிடும். தொங்கலில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்றவும் இயலாது. மூடியுள்ள கூறுகளில் ஒன்று மாறினாற் கையொப்பமே பொய்த்துப்போகும். 2016ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி எதீரியத்தில் இவ்விதி நடைமுறைக்கு வந்தது.

பிட்காயினிலும் ஒரு பிளவு 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி நிகழ்ந்தது. பிரிந்து சென்ற பிட்காயின் காஷ், முந்திய பிளவிலிருந்து பாடம் படித்திருந்தது. தன் கையொப்பங்களிற் பிட்காயின் ஏற்காத ஒரு குறியைக் கட்டாயமாக்கிக்கொண்டே அது பிரிந்தது. ஆயினும் முகவரியின் தோற்றத்தை மாற்ற மறந்தது. நாணயத்தைத் தவறான பேரேட்டுக்கு அனுப்பினோர் பலராயினர். 2018ஆம் ஆண்டு ஜனவரியிற் புதிய முகவரி வடிவம் ஒன்றை அது கொண்டுவந்தது. கணினி அறியும் அடையாளம் ஒன்று, மனிதக் கண் அறியும் அடையாளம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

இனி, அடையாள எண்ணைத் தெரிந்தெடுக்கும் முறை யாது? எதீரியத்தின் விதிகளைத் தழுவிப் பின்னர் நூற்றுக்கணக்கான பேரேடுகள் தோன்றின. பைனான்ஸ் நிறுவனத்தோடு தொடர்புடைய பேரேட்டுக்கு 56, பொலிகன் பேரேட்டுக்கு 137, ஆர்பிட்ரம் வன்னுக்கு 42161 என ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் கொண்டது. பரீட்சார்த்தப் பேரேடான செப்போலியாவின் எண் 1,11,55,111. இவற்றை வழங்கிய அதிகாரி எவரும் இல்லை. இணையத்தில் யாவரும் பார்க்கத்தக்க ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. தன்னார்வலர்கள் அதைப் பேணுகின்றனர். புதிய பேரேட்டைத் தொடங்குவோர், தாம் விரும்பும் எண் பட்டியலில் இல்லை என்பதைக் கண்டு, அதைத் தமக்கெனப் பதியும்படி கேட்பர். முந்தியவருக்கு முதலிடம் என்பதே வழக்கம். இதற்குச் சட்டத்தின் வலு இல்லை. ஒருவரையொருவர் மதிக்கும் ஒழுங்கே இதன் வலு.

பட்டியலைப் பாராது மனம்போனபடி எண்ணை எடுத்தால் என்ன நேரும்? கணக்கு ஒன்று இதை விளக்கும். 1 முதல் 9999 வரையுள்ள எண்களில் ஒவ்வொருவரும் தாமாகவே ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் எண்கள் இருக்கையில் மோதலுக்கு இடமேது என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ 120 பேர் எடுத்து முடியுமுன்னரே, அவர்களில் யாரேனும் இருவர் ஒரே எண்ணை எடுத்திருக்கும் வாய்ப்புப் பாதிக்குமேல் ஆகிவிடும். மேலும் மனிதர் உண்மையிற் குருட்டாம்போக்காகவும் எடுப்பதில்லை. 1000, 1234, 10001 போன்ற நினைவில் நிற்கும் எண்களையே நாடுவர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எதீரியம் தன் இயங்குமுறையை மாற்றியபோது, பழைய முறையையே விரும்பியோர் தனிப் பேரேடாகப் பிரிந்து 10001 என்ற எண்ணை எடுத்தனர். அந்த எண்ணை முன்னரே மற்றொரு பரீட்சார்த்தப் பேரேடு பயன்படுத்தியிருந்தது. முதல் நாளிலேயே பேரேட்டோடு தொடர்பு கொள்ள முயன்றோர் தடுமாறினர்.

பட்டியலே வேண்டாத மற்றொரு வழியும் உண்டு. ஒவ்வொரு பேரேட்டின் முதற்றொகுதிக்கும் ஒரு கணித விரலடையாளம் இருக்கிறது. 64 எழுத்துகள் கொண்ட அந்த அடையாளம் மற்றொன்றோடு தற்செயலாக ஒத்துப்போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. யாரையும் கேளாமலே பேரேடு தன் பிறப்பிலேயே பெற்றுக்கொள்ளும் அடையாளம் அது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எதீரியமும் எதீரியம் கிளாசிக்கும் ஒரே முதற்றொகுதியிலிருந்து வந்தவை. பிட்காயினும் பிட்காயின் காஷும் அவ்வாறே. ஒரு தாய் வயிற்றிற் பிறந்தோரைத் தாயின் பெயரால் வேறுபடுத்த முடியாது. 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் எழுதப்பட்ட ஒரு பொது நியமம் இரண்டு வழிகளையும் இணைத்தது. அதன்படி அடையாளத்தின் முற்பகுதி பேரேட்டின் குடும்பத்தைக் கூறும். பிற்பகுதி அக்குடும்பத்துள் அதன் இடத்தைக் கூறும். எதீரியக் குடும்பத்தில் பிற்பகுதி அடையாள எண். பிட்காயின் குடும்பத்தில் அது விரலடையாளத்தின் முதல் 32 எழுத்துகள். பிரிந்து சென்ற கிளைக்கு, பிரிந்த இடத்துத் தொகுதியின் விரலடையாளத்தைக் கொள்ளலாம். தமிழர் தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் வைப்பது போல, குடும்பமும் ஆளும் சேர்ந்து அடையாளம் நிறைவாகிறது.

எண்ணைத் தெரிந்தெடுத்துப் பதிந்துவிட்டால் வேலை முடிந்ததா? 2022ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் இல்லையென்று காட்டுகின்றன. 155ஆம் முன்மொழிவு, எண்ணில்லாத பழைய கையொப்பங்களையும் செல்லுபடியாகவே விட்டுவைத்திருந்தது. அவ்வகைக் கையொப்பத்தோடு எதீரியத்தில் ஒருகாலத்தில் நிறுவப்பட்ட ஒரு செய்நிரல் இருந்தது. கூட்டுப் பணப்பைகளை உருவாக்குவது அதன் தொழில். அவ்வாண்டில், ஆப்டிமிசம் என்ற பேரேட்டில் ஒரு வணிக நிறுவனத்துக்கு 2 கோடி நாணயங்கள் அனுப்பப்பட்டன. நிறுவனம் கொடுத்திருந்த முகவரி எதீரியத்தில் உள்ள அதன் கூட்டுப் பணப்பையின் முகவரி. ஆப்டிமிசத்தில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. இதைக் கண்ட ஒருவர் அந்தப் பழைய கட்டளையைப் பிரதிசெய்து ஆப்டிமிசத்திற் செலுத்தினார். அதில் எண் இல்லாமையால் அங்கும் அது சென்றது. அதன் துணையால் அதே முகவரியில் தமக்குரிய பணப்பையை எழுப்பி, நாணயங்களைக் கைக்கொண்டார். பின்னர் அவற்றிற் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார் என்பது வேறு கதை.

இரண்டாவது நிகழ்ச்சி செப்டெம்பரில் நடந்தது. முன்னர் கூறிய 10001 என்ற எண்ணுடைய பேரேடு பிரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பேரேடுகளுக்கிடையே நாணயம் கடத்தும் பாலம் ஒன்றின் செய்நிரலும் பிளவினால் இரட்டையாயிருந்தது. தான் நிற்பது எந்தப் பேரேடு என்பதை அச்செய்நிரல் பேரேட்டிடமே கேட்டறியாது, தன்னுள் முன்னர் எழுதிவைத்த பழைய எண்ணையே நம்பியது. உண்மையான எதீரியத்தில் 200 ஈதர் பெறுவதற்காக எழுந்த ஒரு செய்தியை ஒருவர் புதிய பேரேட்டிலும் செலுத்தி, அங்கும் 200 நாணயங்களைப் பெற்றார். தான் நிற்கும் பேரேட்டின் எண்ணைச் செய்நிரல் நேராகக் கேட்டறியும் வசதி 2019ஆம் ஆண்டு டிசெம்பர் முதலே எதீரியத்தில் இருந்தது. வசதி இருந்தது, கேட்கும் வழக்கம் இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் மூன்று கடமைகள் தெளிவாகின்றன. புதிய பேரேட்டைத் தொடங்குபவர், பிறர் எடுக்காத எண்ணைப் பட்டியலிற் பார்த்து, பணம் புழங்குவதற்கு முன்னரே பதிந்துகொள்ள வேண்டும். பணப்பை மென்பொருளையும் ஒப்பந்தங்களையும் ஆக்குபவர், அந்த எண்ணைக் கையொப்பத்தின் உள்ளே வைத்து, ஒவ்வொரு முறையும் பேரேட்டிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நாணயத்தை அனுப்பும் சாதாரண மனிதர், முகவரி சரியா என்று பார்ப்பதோடு, பேரேடு சரியா என்பதையும் பார்க்க வேண்டும். தவறிய காசோலையை நிறுத்தி வைக்க வங்கி முகாமையாளர் உண்டு; சங்கிலிப் பேரேட்டில் எழுதியதை நிறுத்த அத்தகையவர் எவருமில்லை.

அதிகாரம் இல்லாத இடத்திலும் ஒழுங்கு உண்டாகலாம் என்பதற்கு அந்தப் பொதுப் பட்டியல் ஒரு சான்று. பிறர் எடுத்த எண்ணை எடாதிருக்கும் மரியாதையும், எழுதிய எண்ணை மீண்டும் சரிபார்க்கும் பொறுமையும் அவ்வொழுங்கின் இரண்டு தூண்கள். ஆட்பதிவுத் திணைக்களம் இல்லாத ஊரில், ஊரவர் ஒவ்வொருவரும் பதிவாளராக வேண்டியிருக்கிறது. கையொப்பம் இடுமுன், அஃது எந்த ஏட்டில் இடப்படுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது எந்தக் காலத்துக்கும் எந்தப் பணத்துக்கும் ஏற்ற முன்னெச்சரிக்கையாகும்.